ஒப்படை யாருடையது?



நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், முன்பு என்னிடம் படித்த ஒரு மகள் கணவரோடு வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது அவளும் ஆசிரியை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கிறாள். பிள்ளைகள் இருவர், சின்னவனுக்குப் பல் முளைக்கும் காலம்.

"மௌலவி, ஒப்படை எழுதிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களாம். காசு கொடுத்தால் முடிந்துவிடும். இவவுக்கு நித்திரையே இல்லை" என்றார் கணவர். அவள் தலை குனிந்திருந்தாள்.

அவர் கெட்டவரல்லர். மனைவி படும் பாட்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

வீட்டையும் தொழிலையும் விட்டு வரமுடியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான் அந்தப் பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கப்பட்டது. பாடநூல் கைக்கு வரும். நாவலையிலோ பிராந்திய நிலையத்திலோ சில நாட்கள் வகுப்பு நடக்கும். 2020இல் கொரோனா வந்த பிறகு இணையவழி வகுப்பும் கூடிவிட்டது.

அரபுக் கல்லூரியில் நாங்கள் உஸ்தாதின் முன்னே அமர்ந்து வரிவரியாக ஒப்புவித்தோம். நாக்குத் தடுமாறிய இடத்திலேயே திருத்துவார். (சில வேளை காதும் சிவக்கும்!) தூரத்திலிருந்து கற்பிப்பவருக்கு உங்கள் முகம் தெரியாது. ஒப்படைதான் உங்கள் குரல். அதன் ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புத்தான் உங்களுக்கான பாடம். இன்னொருவர் எழுதியதைக் கொடுத்தால் அந்தக் குறிப்பு யாரைத் திருத்தும்?

தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி கிடைக்கும் என்பது உண்மைதான். அந்தப் பயம்தான் காசை நீட்டச் சொல்கிறது. ஆனால் பரீட்சை மண்டபத்துக்கு அந்த ஆள் வரமாட்டார். கற்பித்தல் பயிற்சியின்போது மேற்பார்வையாளர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாரே, அங்கும் வரமாட்டார்.

இதைச் சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தேன். "மஃரிப் முதல் இஷா வரை பிள்ளைகளை நீங்கள் பாருங்கள், மகன்."

"சின்னவன் என்னிடம் நிற்கமாட்டான், மௌலவி."

"பழகுவான்."

சென்ற மாதம் அவள் கோல் எடுத்தாள். ஒப்படை திரும்பி வந்ததாம். எதிர்பார்த்த புள்ளி இல்லையாம். கணிப்பீட்டையும் மதிப்பீட்டையும் குழப்பியிருப்பதாக ஓரத்தில் எழுதியிருந்ததாம். பாடநூலைத் திரும்பப் புரட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கே விளங்கப்படுத்தினாள். பின்னால் சின்னவன் அழும் சத்தம் கேட்டது. கூடவே வாப்பா தாலாட்டும் சத்தமும்.