பிடுங்கிச் செய்து கொடுப்பது உதவி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதினார்: "வயசானவங்களுக்கு எதுக்கு ஸ்மார்ட்போன்? பட்டன் போன் போதும்." அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடமே மூன்றாம் வகுப்பு படித்தவர்கள். பேச்சு எதனால் கிளம்பியது என்று எல்லோருக்கும் தெரியும். பவானியில் இருக்கும் என் அக்காவின் வங்கிக் கணக்கிலிருந்து 46,500 ரூபாய் போய்விட்டது. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அக்கா மகனும் இதைப் படிப்பான். படிக்கட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மின்வாரியத்திலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். போன பில் கணக்கில் ஏறவில்லை, இன்றைக்கு ராத்திரி கரண்டைத் துண்டித்துவிடுவோம், ஒரு ஆப் அனுப்புகிறேன், அதில் பத்து ரூபாய் கட்டினால் சரியாகிவிடும் என்றானாம். மாமா படுக்கையில் இருக்கிற வீடு. ஃபேன் நின்றால் என்ன ஆகும் என்ற பயம் அக்காவுக்கு. சொன்னபடி ஆப்பை இறக்கி, ஏடிஎம் கார்டு எண், பின்பக்கத்தில் இருக்கும் மூன்று எண் எல்லாம் அடித்துவிட்டாள். அந்த ஆப்தான் வினை. நம் போன் திரையில் தெரிவதெல்லாம் அவன் திரையிலும் தெரியும். ஓ.டி.பி.யை அக்கா வாய் திறந்து சொல்லவே இல்லை. வந்ததை அவனே படித்துக்கொண்டான். முதலில் 9,500, பத்து நிமிடத்தில் 18,000.

அக்கா என்னைக் கூப்பிட்டது வியாழக்கிழமை காலை. இடையில் புதன்கிழமை இன்னொரு 19,000 போயிருந்தது. அந்த ஆப் போனிலேயே இருந்திருக்கிறது.

பணம் போனது தெரிந்தும் ஏன் ஒன்றரை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் திட்டுவான்" என்றாள். எழுபது வயதுக்காரி, பெற்ற பிள்ளைக்குப் பயந்து, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி ஒளிந்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஜிபே பற்றி இரண்டு தரம் போன் போட்டுக் கேட்டபோது, "எத்தனை தடவைம்மா சொல்றது" என்று பெங்களூரிலிருந்து பதில் வந்திருக்கிறது.

ஆக, முதல் 27,500 திருடன் எடுத்தது. கடைசி 19,000 அந்தப் பயம் எடுத்தது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். இப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் திருடன் பக்கத்துக் கணக்கில் இன்னும் கிடந்தால் அதை நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அவன் அதை எடுத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதியும் அதுதான்: நம் கவனக்குறைவால் போன பணம், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. செவ்வாய் ராத்திரியே சொல்லியிருந்தால் புதன்கிழமைப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

"பட்டன் போன் போதும்" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. சிலிண்டர் பதிவு செய்தால் எண் எங்கே வருகிறது? ஆதாரில் ஏதாவது திருத்தப் போனால் எண் எங்கே வருகிறது? போனை அவர்கள் கேட்கவில்லை, நாம்தான் எல்லாவற்றையும் போனில் கொண்டுபோய் வைத்தோம்.

இதில் நாம் சொல்லிக்கொடுத்த பாடத்தைப் பாருங்கள். "ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே." சரி. சிலிண்டர் கொண்டு வரும் பையன் வாசலில் நின்று "பாட்டி, நம்பர் சொல்லுங்க" என்கிறானே, அவனுக்குச் சொல்லாவிட்டால் சிலிண்டர் இறங்காது. அப்போது சொல்லலாம், இப்போது சொல்லக்கூடாது என்றால் ஏன் என்று யார் விளக்கினீர்கள்? எண்ணோடு வரும் செய்தியில் அது எதற்கான எண் என்று எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். அந்தச் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. அக்கா எட்டாவது வரை தமிழில் படித்தவள், தினமும் பேப்பர் வாசிப்பவள். அவள் போன் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. செட்டிங்ஸில் போய் மொழியைத் தமிழாக்க ஒரு நிமிடம் ஆகுமா? செய்தி தமிழாகாது, ஆனால் எந்தப் பொத்தான் எதற்கு என்றாவது தெரியும். புது போன் வாங்கிக் கொடுத்த மகனுக்கு அது தோன்றவில்லை.

அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஊருக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் செய்வது இதுதான். அம்மா ஏதாவது கேட்டால், "குடு இங்க" என்று போனைப் பிடுங்கி, கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு" என்று திருப்பிக் கொடுப்பது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. பிள்ளையின் வீட்டுக்கணக்கை அப்பாவே போட்டுக் கொடுத்தால் நான் நோட்டைத் திருப்பி அனுப்புவேன், ஞாபகம் இருக்கிறதா?

நானும் யோக்கியம் இல்லை. 1984-ல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுத்தல் கணக்கில் மூன்றாவது முறை சந்தேகம் கேட்ட பிள்ளையின் கையில் ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அரைப்பரீட்சைத் தாளில்தான் தெரிந்தது. இப்போது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கண்ணு, மன்னித்துவிடு.

அக்காவோடு நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். போன் அவள் கையிலேயே இருக்க வேண்டும், நான் தொடக்கூடாது என்பது மட்டும் விதி. கை நடுங்கியது, தப்பாக அழுத்தினாள், காத்திருந்தேன். எனக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன். அனுப்பும்போது ரகசிய எண் கேட்டது. பிறகு நான் அவளுக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன், எதுவும் கேட்காமல் வந்து சேர்ந்தது. "அட, வாங்கறதுக்கு நம்பரே வேண்டாமா!" என்றாள். பணம் உனக்கு வரப்போகிறது, ரகசிய எண்ணைப் போடு என்று இனி எவன் சொன்னாலும் அவளிடம் நடக்காது. அந்த இரண்டு ரூபாய்ப் பாடத்தை மூன்று வருடமாக யாரும் நடத்தவில்லை.

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வருவது படமா, ஏ.பி.கே. என்று முடிகிற ஆப்பா என்று பார்க்கவும் பழகிவிட்டாள். போலீஸ் என்று வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால், அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். 1930-ஐ காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதியது அவளேதான்.

அக்கா மகன் முதலில் என்மேல் கோபப்பட்டான், "சித்தி, எனக்கு வேலை இருக்கு, தினமும் இதையேவா பண்ண முடியும்" என்று. முடியாதுதான். பொங்கலுக்கு வரும்போது அரை நாள் உட்கார் என்றேன். சரி என்றிருக்கிறான்.

கீழே "ஐயோ பாவம்" என்று யாரும் எழுத வேண்டாம், அக்காவுக்குப் பிடிக்காது. உங்கள் அம்மா, மாமியார், அப்பா போன் எந்த மொழியில் இருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். திட்டமாட்டேன்.