சிறிய சிப்பியில் ஒரு முத்து



கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் நம் தூத்துக்குடிக்குத் தனி அழகு வந்துவிடும். வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் ஒளிரும். கடைகளில் மக்ரூன் பெட்டிகள் குவியும். விடுமுறையோ கைப்பேசியிலேயே கரைந்துவிடும். அதில் அரைமணி நேரத்தை ஒரு பழைய சிறுகதைக்குத் தாருங்கள் என்று கேட்கவே இதனை எழுதுகிறேன். நம் கடலில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நூலகத்தில் குளிக்கத் தடை ஏதும் இல்லையே!

கதையின் பெயர் ‘த கிஃப்ட் ஆஃப் த மேஜய்’. ‘ஞானியர் தந்த பரிசு’ எனலாம். எழுதியவர் ஓ. ஹென்றி, இயற்பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். வங்கிப் பணத்தைக் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு, மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். 1905 டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இக்கதை வெளிவந்தது.

டெல்லா, ஜிம் என்ற ஏழைத் தம்பதியர். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். தன் நீண்ட கூந்தலை 20 டாலருக்கு விற்று, கணவனின் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அந்தக் கடிகாரத்தையே விற்று, அவள் கூந்தலுக்கு ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கி வருகிறான்! (அது அழுங்காமையின் ஓடு. நம் மன்னார் வளைகுடாவிலும் வாழும் அந்த ஆமையை இன்று சட்டம் காக்கிறது என்பதை விலங்கியல் மாணவன் சொல்லாமல் இருக்கலாமா?)

வகுப்பில் இதைப் படித்தபோது, “இரண்டு பேரும் ஏமாளிகள்” என்று நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சென்ற விடுமுறையில் இக்கதையை என் ஆச்சிக்குத் தமிழில் சொன்னேன். உப்பளத்தில் உழைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். கேட்டு முடித்ததும், “முடி வளந்துரும்லா எய்யா. அந்தப் பய வித்த கடியாரம் திரும்பி வருமா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆச்சி தம் பாம்படத்தை விற்ற பணத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை நண்பர் எவரிடமும் இதுவரை சொன்னதில்லை, சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது அந்த வெட்கத்தை எண்ணித்தான் வெட்கப்படுகிறேன். ஆச்சியின் வெறுங்காதைப் பார்த்த பிறகு ‘ஏமாளிகள்’ என்ற சொல் என் நாவில் எழவில்லை.

அக்கதையில் இருவரும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இதுவரை ஒருவர்தான் கொடுத்திருக்கிறார். இனிக் கொடுக்க வேண்டிய முறை என்னுடையது.

நண்பர்களே! மதம் எதுவாயினும் இக்கதையைப் படியுங்கள். படித்ததோடு நில்லாமல், வீட்டில் படிக்கத் தெரியாத ஒருவரை அருகில் அமர்த்தி, கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதிலையும் கேளுங்கள். நான் கேட்ட பதில் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை!