சிஸ்டர் "நிறுத்துங்க சார்" என்று சொல்ல முடியுமா?

தர வாரம் வந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். ஃப்ளெக்ஸ் பேனர், உறுதிமொழி, ரங்கோலிப் போட்டி, "சிறந்த ஊழியர்" கேடயம், குரூப் போட்டோ. அந்த போட்டோவுக்குப் பின்னாடி தெரியுற வாஷ்பேசின்ல சோப்பு இருக்காது.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க. நாளைக்கு அந்த ஐசியூ கட்டில்ல இருக்கப்போறது உங்க அம்மாவாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் கூடினால் ஒரே புலம்பல்தான்: "ஸ்டாஃபுக்கு அக்கறையே இல்ல சார், மோட்டிவேட் பண்ணணும்." உடனே வெளியூர்ல இருந்து ஒரு பேச்சாளர், ஏசி ஹால், கைத்தட்டல். நைட் டியூட்டி முடிச்சு தூங்காம வந்த நர்ஸ் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கறை இல்லைங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். அக்கறைப்பட்டவங்களுக்கு நாம என்ன செய்றோம்னு பாருங்க.

ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் இன்னொரு சாதாரண மருந்தின் ஆம்ப்யூலும் ஒரே ட்ரேயில், பார்க்க ஒரே மாதிரி. பொட்டாசியத்தை கலக்காமல் நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஒரு சிஸ்டர் தவறானதை எடுத்து, லேபிளைப் படித்து, கீழே வைத்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் நேர்மையாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்தார்.

அவருக்குக் கிடைச்சது மெமோ. "கவனக்குறைவுக்கு விளக்கம் அளிக்கவும்."

ட்ரே அப்படியே இருந்தது. அடுத்த மாதம் அந்த வார்டில் இருந்து ஒரு படிவம்கூட வரவில்லை. குவாலிட்டி மீட்டிங்கில் "பிழைகள்: பூஜ்யம்" என்று ஸ்லைடு போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, எங்கேயாவது இது ஒழுங்கா நடந்திருக்கான்னு கேட்பீங்க. நடந்திருக்கு.

ஐசியூவில் கழுத்து, நெஞ்சுப் பகுதியில் இருக்கிற பெரிய ரத்தக்குழாய்க்குள் ஒரு டியூப் போடுவோம், சென்ட்ரல் லைன். அதன் வழியா கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஐந்து விஷயங்களைப் பட்டியல் போட்டார். கை கழுவு, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, நோயாளியை முழுசா மூடி நீயும் மாஸ்க், கவுன், கையுறை போடு, முடிந்தவரை தொடையில் குத்தாதே, தேவையில்லாத லைனை எடுத்துவிடு. எம்பிபிஎஸ் மாணவனுக்கே தெரிஞ்ச சங்கதி.

புதுசு என்னன்னா, டாக்டர் ஒரு படியைத் தாண்டினால் நர்ஸ் அவரை நிறுத்தலாம். நிர்வாகம் நர்ஸ் பக்கம் நிற்கும். தேவையான சாமான் எல்லாம் ஒரே வண்டியில் தயாரா இருக்கும். மிச்சிகன் மாநிலத்தில் 100க்கும் மேற்பட்ட ஐசியூக்களில் செய்து பார்த்தார்கள். 18 மாதங்களில் இந்தத் தொற்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஆய்வு 2006ல் வெளியானது.

"அப்போ செக்லிஸ்ட் அடிச்சு சுவத்துல ஒட்டிட்டா போதுமே?" அங்கேதான் தப்பு பண்றோம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறுவைசிகிச்சை செக்லிஸ்ட்டை மேலிடத்து உத்தரவாகக் கொண்டுவந்தார்கள். 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கை எடுத்து 2014ல் வெளியிட்டார்கள். இறப்பிலும் சிக்கல்களிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. என் கணிப்பு என்னன்னா, உத்தரவு போட்டால் டிக் அடிப்பாங்க. நம்ம ஊர்ல இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின ராத்திரி மூணு மாச ரெஜிஸ்டரை ஒரே பேனாவில் நிரப்புறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும்.

டொயோட்டா தொழிற்சாலையில் லைனில் நிற்கிற சாதாரணத் தொழிலாளி கோளாறைப் பார்த்தால் ஒரு கயிற்றை இழுக்கலாம். சூப்பர்வைசர் ஓடி வருவார், உடனே சரியாகலைன்னா லைனே நிற்கும். கார் செய்றவங்க கொடுத்த அதிகாரத்தை உயிர் காக்கிறவங்க கொடுக்கலை.

நம்ம குவாலிட்டி கமிட்டியில் யார் இருக்காங்க? டீன், எச்ஓடி, நர்சிங் சூப்பரின்டெண்ட். எந்த பாத்ரூம் எத்தனை மணிக்கு அடைச்சுக்கும்னு தெரிஞ்ச தூய்மைப் பணியாளர் அக்கா அதில் இல்லை. அவங்க கான்ட்ராக்ட் கம்பெனி ஆளாம், "நம்ம ஸ்டாஃப்" கிடையாதாம். கிருமிக்கு இந்த கான்ட்ராக்ட் விவரம் தெரியாது பாருங்க.

இதில் முதல் முட்டுக்கட்டை நாமதான், சக டாக்டர்களே. நர்ஸ் "சார், கிளவுஸ்" என்று சொன்னதும் முறைக்கிறோமே, அந்த ஒரு முறைப்பு பத்து பயிற்சி வகுப்பைக் காலி பண்ணிடும்.

சம்பளம் பேசாம மோட்டிவேஷன் பேசுறவங்களுக்கும் ஒண்ணு. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒரே நர்ஸ் பார்க்கும்போது அவருக்கு ஊக்கம் குறையலை, கைதான் குறையுது.

நிர்வாகிகளுக்கு ஒரே கோரிக்கை. இந்த வருஷம் கேடயக் காசை மிச்சம் பிடிச்சு ஒரு பலகை வாங்குங்க. ஊழியர் சொன்ன புகார், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் சரி செய்வீங்க என்று அதில் எழுதுங்க. முதல் வரியில் அந்த ட்ரேயை எழுதுங்க.