கிதாருக்கா விலை, பெயருக்கா?

எலெக்ட்ரிக் கிதார் பழுது பார்ப்பது என் தொழில். கடைக்கு வரும் பெற்றோர் பலரும் ஒன்றையே கேட்கிறார்கள்: "சார், பையன் கிப்ஸன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?" அமெரிக்காவில் செய்த கிப்ஸன் லெஸ் பால் கிதார் இங்கே 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எலெக்ட்ரிக் கிதாரில் வீணைக்குடம் போல மரம் பாடுவதில்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள், அதுதான் பிக்கப். மேலே தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும், ஆம்ப் அதைப் பெரிதாக்கும். 1950களில் டேன்எலெக்ட்ரோ நிறுவனம் மேசனைட் என்ற மரநார் அட்டையில் கிதார் உடல் செய்து, லிப்ஸ்டிக் குழாய்க்குள் பிக்கப்பை அடைத்து, சியர்ஸ் கடைகள் வழியாக மலிவாக விற்றது. லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் மேடையில் அந்தக் கிதாரை வாசித்திருக்கிறார். குவீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் தந்தையோடு வீட்டிலேயே ஒரு கிதார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம், சுருதியை நெளிக்கும் கைப்பிடிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், கழுத்தில் இடம் காட்டும் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். குவீன் பாடல்களில் நாம் கேட்பது பெரும்பாலும் அந்தக் கிதாரைத்தான்.

வாசிப்பவரின் விரல் உணர்வது வேறு விஷயங்களை. கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டினால் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் கீறக் கூடாது. தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் நட்டின் பள்ளம் ஆழம் குறைந்திருந்தால், முதல் ஃப்ரெட்டை அழுத்தும்போதே சுருதி ஏறிவிடும். புதிதாகக் கற்கும் பிள்ளை தன் காதையே சந்தேகிக்கும். அந்தப் பள்ளத்தை அரத்தால் இம்மியளவு ராவி, கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருகினால் 30,000 ரூபாய் கிதார் கையில் வெண்ணெயாக வழுக்கும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியதும் இதே வேலைக்காக என் மேசைக்கு வருகிறது.

ஆகக் குறைந்த விலையில் வாங்கச் சொல்லவில்லை. முறுக்காணி நிற்காத கிதார் பிள்ளையின் ஆசையையே கொன்றுவிடும். ஆனால் ஃபெண்டருக்கு ஸ்க்வயர், கிப்ஸனுக்கு எபிஃபோன் என்று அந்த நிறுவனங்களே நடுத்தர விலையில் தம்பிகளை வைத்திருக்கின்றன. பிஆர்எஸ் நிறுவனத்தின் எஸ்இ வரிசை இந்தோனேசியாவில், கோர்ட் என்ற தன் முத்திரையிலும் கிதார் செய்யும் நிறுவனத்தின் கையில் உருவாகிறது. இன்று மரத்தை அறுப்பது கணினி இயந்திரம். அதற்கு முத்திரை தெரியாது.

எனக்குக் கோபம் வருவது 'ரெலிக்' கிதார்களைப் பார்த்துத்தான். புதுக் கிதாரின் பெயிண்டைத் தொழிற்சாலையிலேயே சுரண்டி, இரும்பைத் துருவேற்றிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். 1995இல் ஃபெண்டர் தொடங்கிவைத்தது, இன்னும் ஓயவில்லை. முப்பது வருடம் மேடையேறிய கைகள் தரும் தேய்மானம் அது. விலைக்கு வாங்கும் பொருள் அல்ல.

வாசிப்பே பிழைப்பு என்பவர்கள் விலையுயர்ந்த கிதாரை வாங்கட்டும். அவர்களுக்குக் கைவேலையின் நுணுக்கம் பயன்படும், மறுவிற்பனையிலும் விலை நிற்கும். மற்றவர்கள் இதற்காகத் தவணைக் கடனில் விழாதீர்கள். கடையில் பெயர் பொறித்த கிதாரின் தலையை ஒரு துணியால் மூடிவிட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிடித்ததை எடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஆம்ப் ஒன்று வாங்கி, பிள்ளையை ஒரு வருடத்துக்கு ஆசிரியரிடம் அனுப்புங்கள்.