அவமானம் அவர்களுக்கு, கமிஷன் யாருக்கு?

சென்ற மாதம் திருப்பூரில் ஒரு கவிதை நூலின் அறிமுகக் கூட்டம். பனியன் தொழிலாளர்களின் வாழ்வைப் பேசும் கவிதைகள். கூட்டம் முடிந்து வழக்கம்போல டீக்கடைக்கு வந்தோம். பக்கத்து பெஞ்சில் இருந்த இளைஞனின் கைப்பேசியில் ஒரு பெண் யாரையோ உரத்த குரலில் வசைபாடிக்கொண்டிருந்தார். சற்று முன்னர்தான் மேடையில் பவர் டேபிளில் குனிந்த முதுகுகளைப் பற்றி உருகிப் பேசியிருந்த நண்பர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இந்தச் சாக்கடைகளை எல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும்" என்றார். உடனிருந்த அத்தனை பேரும் ஆமோதித்தார்கள். என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். அந்தக் காணொளிகளின் தரத்துக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமல்ல. அவற்றில் பெரும்பாலானவை என்னாலும் ஐந்து நிமிடம் பார்க்க இயலாதவை. என் கேள்வி வேறு. சச்சரவும் அந்தரங்கமும் விற்பனைச் சரக்கு என்றால், சரக்காக நிற்பவர் மீது காறி உமிழும் நாம், அதை விற்றுக்கொடுப்பவரை ஏன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை?

இந்தத் தொழிலை ஒளிவுமறைவின்றிச் செய்து அதனாலேயே புகழும் பெற்ற ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். பெயர் மாக்ஸ் கிளிஃபோர்டு. 1970இல் சொந்த நிறுவனம் தொடங்கியவர். 1986 மார்ச் 13 அன்று 'தி சன்' நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு தலைப்பு வந்தது: ஃப்ரெடி ஸ்டார் என்ற நகைச்சுவை நடிகர், ஒரு பெண் வளர்த்த ஹாம்ஸ்டர் என்னும் எலியையொத்த சிறு பிராணியைத் தின்றுவிட்டாராம். செய்தி பொய். ஸ்டாரின் விளம்பரப் பொறுப்பில் இருந்த கிளிஃபோர்டுக்கும் அது தெரியும். தடுக்கவில்லை, அச்சாகட்டும் என்று விட்டுவிட்டார். நடிகரின் நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட்டுகள் விற்றன. கேவலப்படுவது நஷ்டமல்ல, முதலீடு என்ற சூத்திரத்தை அவரளவுக்குத் துல்லியமாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

அதே கிளிஃபோர்டின் கைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தவர் ஜேட் கூடி. லண்டனின் ஏழைக் குடும்பத்துப் பெண். 2002இல் 'பிக் பிரதர்' நிகழ்ச்சியில் தோன்றியபோது அவருடைய அறியாமையைக் கேலி செய்தே பத்திரிகைகள் பக்கங்களை நிரப்பின. 2007இல் அதே வகை நிகழ்ச்சியில் ஷில்பா ஷெட்டியை இனரீதியாக இழிவுபடுத்தினார் என்று இரு நாடுகளிலும் கொந்தளிப்பு. 2008இல் ஷில்பா ஷெட்டியே தொகுத்து வழங்கிய இந்திய 'பிக் பாஸ்' வீட்டுக்குள் வந்தார். அந்த வீட்டுக்குள் இருந்தபோதுதான் அவருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்ற தகவல் எட்டியது. அதன்பின் அவருடைய நோய், திருமணம், கடைசி நாட்கள் எல்லாமே பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் விற்கப்பட்டன. விற்பனைப் பேச்சுக்கு நடுவில் நின்றவர் கிளிஃபோர்டு. 2009 மார்ச்சில் ஜேட் இறந்தபோது வயது 27.

இங்கே ஓர் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தன் இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்துக்காகவே பணம் சேர்க்கிறேன் என்று ஜேட் வெளிப்படையாகவே சொன்னார். அந்தப் பணம் பொய்யல்ல. பிறப்பும் கல்வியும் தராத ஒன்றை அவமானம் அவருக்குத் தந்தது. ஆகவே 'மானேஜர் ஏமாற்றினார், பெண் ஏமாந்தார்' என்ற எளிய கதை இதுவல்ல. ஆனால் கணக்கைப் பாருங்கள். வசை முழுவதும் ஒருவருக்கு, வருமானம் இருவருக்கு. பிற்பாடு 2014இல் பெண்கள் மீதான பாலியல் அத்துமீறல்களுக்காகக் கிளிஃபோர்டுக்கு எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தண்டனைக் காலத்திலேயே 2017இல் இறந்தார். அந்தத் தண்டனைகூட அவர் செய்த தொழிலுக்காக அல்ல. தொழிலுக்காக அவரை எவரும் கூண்டில் ஏற்றவில்லை.

இது வெள்ளைக்காரன் சரக்கு என்று நாம் மூக்கைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது. 'சினிமா தூது', 'இந்து நேசன்' ஆகிய பத்திரிகைகளை நடத்திய லட்சுமிகாந்தன் நம்மவர். நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். எழுதாமல் இருப்பதற்கும் பணம் பறித்தார் என்பது அன்றைய திரையுலகின் குற்றச்சாட்டு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் அவர் குத்தப்பட்டதும், தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947இல் விடுதலையானதும் யாவரும் அறிந்த வரலாறு. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். அன்று அவதூறு வணிகனுக்கு ஒரு பெயரும் அச்சுக்கூட முகவரியும் இருந்தன. பாதிக்கப்பட்டவர்களால் ஆளுநரிடம் மனுக் கொடுத்து அவன் பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்ய வைக்க முடிந்தது. இன்று மனுவை யார் பெயருக்கு எழுதுவது?

திருப்பூருக்கு வருகிறேன். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை விதித்து, அம்மாதமே நீக்கிக்கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு மொத்தமாகத் தடை செய்தது. அங்கே பெயர் பெற்றவர்கள் யூட்யூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 'ரவுடி பேபி' சூர்யா என்ற பெயரில் அறியப்பட்ட, திருப்பூரில் வசித்த பெண். ஆபாசமாகப் பேசிக் காணொளி வெளியிட்டதாக 2022 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். பிறகு குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்க இடம் தரும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் அது. கள்ளச்சாராயக்காரர்களுக்காகவும் ரவுடிகளுக்காகவும் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் இணையக் குற்றமும் 2014இல் சேர்க்கப்பட்டது.

அவர் பேசியது சரியா தவறா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது வரவு செலவை. யூட்யூபில் நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 45 பங்கு நிறுவனத்துக்கு, 55 பங்கு சேனல் நடத்துபவருக்கு. இத்தகையவர்களை அழைத்து எதிரும் புதிருமாக உட்காரவைத்து, 'கதறி அழுத', 'கிழித்தெறிந்த' என்று தலைப்பிட்டு ஒளிபரப்பும் நேர்காணல் சேனல்களுக்கும் அதே 55 உண்டு. தூண்டிவிடும் கேள்வியைக் கேட்டவர் மீது சட்டம் பாய்வது அரிது. ஏனெனில் அவர் 'நெறியாளர்'. பதில் சொன்னவள்தான் 'சாக்கடை'.

இந்த ஏற்பாடு திருப்பூருக்குப் புதிதா என்ன? இந்த வட்டாரத்து நூற்பாலைகளுக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்ற அழகிய பெயரில் கிராமத்துப் பெண் பிள்ளைகளைத் திரட்டி வந்தவர்கள் தரகர்கள். மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பது வாக்குறுதி. நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. தரகருக்கோ ஆள் கணக்கில் கமிஷன் முதல் நாளே வந்துவிடும். பிரபலங்களின் மானேஜர் என்பவரும் அதே தரகர்தான், கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருக்கிறார். காதர்பேட்டையில் ஏற்றுமதியில் கழிந்த துணியைச் 'செகண்ட்ஸ்' என்று வாங்கி விற்பார்கள். அங்கேகூடத் துணியில் ஓட்டை விழுந்ததற்காகத் துணியை யாரும் திட்டுவதில்லை.

'விரும்பித்தானே வருகிறார்கள்?' என்று நண்பர் கேட்டார். ஆம், விரும்பித்தான் வருகிறார்கள். பனியன் கம்பெனிக்கும் விரும்பித்தான் வருகிறார்கள். அதற்காகக் குறைந்தபட்சக் கூலியும் வைப்பு நிதியும் வேண்டாம் என்று நாம் சொல்வதில்லையே? பங்கு எவ்வளவு என்று எழுத்தில் ஓர் ஒப்பந்தம், வழக்கு வந்தால் செலவு யாருடையது என்ற நிபந்தனை, தூண்டிக் கேட்டு ஒளிபரப்பியவருக்கும் பொறுப்பு. இவ்வளவுதான் கேட்கப்பட வேண்டியது.

இலக்கியவாதிகளாகிய நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. உழைக்கும் பெண் மௌனமாக இருக்கும்வரை அவளைப் பற்றிக் கவிதை எழுதுகிறோம். அவளே கைப்பேசியை எடுத்துத் தன் மொழியில், தன் கொச்சையோடு பேசத் தொடங்கினால் காவல்துறையைக் கூப்பிடுகிறோம். அருவருப்பு நமக்கு உண்மையிலேயே இருக்குமானால், அதில் நூற்றுக்கு 45 பங்கையாவது உரியவருக்கு அனுப்பிவைப்போம்.