இராமானுஜன் விட்டுவிட்ட எண்

சென்ற வாரம் தேக்காவில் காய்கறி வாங்கச் சென்றபோது என் மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தேன். கணிதத் தேர்வில் 98 மதிப்பெண் பெற்ற பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். "இராமானுஜன் தப்பே பண்ணமாட்டாராமே, நீங்கதான் சொன்னீங்களாம் சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் சொன்ன கதைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. வாடகை வண்டியின் 1729 என்ற எண்ணைக் கேட்டதும், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவிதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுவே என்று சொன்ன மேதை! தமிழாசிரியர்களாகிய நாம் அவரை மந்திரவாதியாக்கிவிட்டோம். உழைப்பாளியாகக் காட்டுவதே இல்லை.

ஆகவே மறுவகுப்பில் வேறோர் எண்ணைப் பலகையில் எழுதினேன்: 293318625600. பிள்ளைகள் "293 பில்லியன்" என்று தொடங்கினார்கள். தமிழில் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 என்று படிப்பதற்கே ஐந்து நிமிடமாயிற்று. (கணிதம் முழுவதும் ஆங்கிலத்தில் பயிலும் பிள்ளைகள், அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.)

12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையா. இவ்வாறு, தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்களைப் பற்றி இராமானுஜன் 1915-இல் இலண்டன் கணிதக் கழக இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். அதில் 6746328388800 வரை 102 எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம்.

அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அதுதான் நான் பலகையில் எழுதியது.

அதன் பகாக் காரணிகளைப் பிரித்தோம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இருமுறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2, காரணிகளின் எண்ணிக்கை 5040. வேடிக்கை என்னவென்றால் 5040-உம் அதே இனத்து எண். அதற்குக் காரணிகள் 60. அந்த 60-உம் அதே இனம், அதற்கு 12. விட்டுப்போனது ஏதோ ஒரு சில்லறை எண்ணன்று.

நம் வீடுகளில் 98 என்றதும் "மீதி இரண்டு எங்கே?" என்று கேட்கிறோம். நானும் கேட்டிருக்கிறேன். 1729-ஐச் சொல்லும் ஆசிரியர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. "பெரியவர்களின் பிழையைப் பிள்ளைகளிடம் காட்டலாமா?" என்றார் சக ஆசிரியர் ஒருவர். காட்டாமல் விட்டதன் விளைவைத்தான் தேக்காவில் கேட்டேனே!

வகுப்பு முடியும் நேரத்தில் அந்த மாணவன் கையை உயர்த்தினான். "அந்தக் கட்டுரைக்கு அவருக்கு எத்தனை மார்க் போட்டாங்க சார்?"

அந்த ஆய்வுக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது என்றேன்.