வேகாத மொச்சை

மொச்சை வேகவில்லையென்றால் நம் இல்லங்களில் பழி சுமப்பவள் பெரும்பாலும் மருமகள்தான். "கைப்பக்குவம் போதாது" என்றொரு சொல் விழும். அன்றைய உணவே கசந்துவிடும். குற்றமோ வேறிடத்தில் இருப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆண்டுக்கணக்கில் பானையில் கிடந்த பயறு எத்தனை ஊறினாலும் எளிதில் இளகாது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கிணற்று நீரிலும் அவ்வாறே. புளியை முன்னதாகக் கரைத்து ஊற்றினாலும் பயறு விறைத்து நிற்கும். மலர வெந்த பின்னரே புளி சேர்த்தல் வேண்டும். இவற்றுள் எதற்கு மருமகள் பொறுப்பு? புளிக்கு மட்டும், அதுவும் ஒருவேளை!

முதல்நாள் இரவே 8 மணி நேரமாவது ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைப்பது நலம். சிவப்பு ராஜ்மாவுக்குத் தனிக்கவனம் தேவை. அரைவேக்காட்டில் உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். 30 நிமிடம் தளதளவெனக் கொதித்த பின்னரே தணலைக் குறைக்கலாம்.

ஊறிய மொச்சையைப் பிதுக்கும் வேளை இனியது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பாத்திரத்தைச் சுற்றி அமர்வர். வழுக்கிய பருப்பொன்று கூடத்தின் மறுகோடிக்குத் துள்ளும். அதைத் தேடிப் பிடிப்பதற்குள், கேட்டும் சொல்லாத பள்ளிக்கூடத்துச் செய்திகளெல்லாம் தாமாகவே வெளிவந்துவிடும். தோலை எறிந்துவிட வேண்டாம், ஆட்டுக்கு ஆகும்.